ஹில்டா மூன்று தடவை கேட்டாள்

ஆற்றங்கரைப் பயிலகத்திலிருந்து ஆறு பேர் கடல் கடந்து போனார்கள். வடக்கே ஒரு குளிர் நாடு. அங்கே ஆளுக்கொரு வீட்டில் தங்கி, ஒரு பருவம் படித்துவிட்டுத் திரும்பினார்கள்.

பயிலகத்தில் ஒரு வழக்கம். போய்வந்தவர்கள் ஊர் முன்னால் நின்று, கண்டதையும் கற்றதையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆசான் திருமேனி விடமாட்டார்.

இந்தத் தடவை ஊருக்கும் ஒரு வேலை இருந்தது. அடுத்த மாதம் அந்த நாட்டிலிருந்து ஆறு மாணவர்கள் இங்கே வருவதாக ஏற்பாடு. தங்குவதற்கு வீடு வேண்டும். மாலையில் கல்யாண மண்டபத்தில் பேச்சைக் கேட்டுவிட்டு, விருப்பமுள்ளவர்கள் கை தூக்குவார்கள். யாரும் தூக்காவிட்டால் அவர்கள் வர முடியாது. அவ்வளவுதான்.

ஆறு பேருக்கும் சேர்த்துப் பேச, அவர்களில் நயினாரைப் பிடித்தார்கள். அவனுக்குச் சிரிக்க வைக்க வரும்.

பேச வேண்டிய நாள் காலையில் அவன் ஆசானிடம் போனான். அவர் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கூடப் போய்வந்த மற்ற ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்து உருவினார்கள்.

"ஐயா, ஒரு கேள்வி."

"கேளு."

"அந்த ஊரு ஆளுக எப்படிப்பட்டவங்கன்னு நம்ம ஊருக்கு எதைச் சொன்னா புரியும்?"

"நீ எதைச் சொல்லப் போற?"

"சாப்பாட்டுக் கதையை."

"சொல்லு. கை சும்மா இருக்க வேண்டாம்."

நயினார் ஒரு கொத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"நான் தங்கின வீட்டுல ஹில்டான்னு ஒரு அம்மா. அவ மக லீனா, என் வயசு. ரெண்டே பேரு. நான் போன அன்னைக்கே மேசையில எல்லாம் வச்சாச்சு. ரொட்டி, சூப்பு, உருளைக்கிழங்கு. 'சாப்பிடுறியா?'ன்னு அந்தம்மா கேட்டா. 'வேண்டாம்மா'ன்னேன்."

"பசி இல்லையா?"

"குடலைத் திங்கிற பசி ஐயா. அதுக்காக, கேட்ட உடனே போயி உக்காந்தா வீட்டுல சோறில்லாத பய மாதிரி இருக்கும்லா? நம்ம ஊருன்னா ரெண்டாவது கேப்பாங்க, மூணாவது கையைப் பிடிச்சு இழுப்பாங்க. சரி, உங்களுக்காக ஒரு வாய்னு உக்காரலாம்."

"உக்காந்தியா?"

"எங்க? அந்தம்மா சரின்னு தலையை ஆட்டிட்டு, எனக்கு வச்ச தட்டை எடுத்து அலமாரியில அடுக்கிட்டா."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நயினாருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"மறுநாளும் அதே கூத்து. நான் வேண்டாம்பேன். அவ சரிம்பா. எங்கம்மா சுட்டுக் கொடுத்த முறுக்குதான் என்னைக் காப்பாத்துச்சு. போர்வைக்குள்ள வச்சுக் கடிப்பேன், சத்தம் வெளிய கேக்கக் கூடாதுல்லா. கடைசியில டப்பாவைக் கவுத்துத் தூளையும் நக்கியாச்சு."

"பொறவு?"

"பொறவுதான் வேடிக்கை. ஒருநாள் சாயங்காலம் அந்தம்மா எம்முன்னால வந்து வெறைச்சு நின்னா. 'சாப்பிடுறியா?' வேண்டாம்னேன். 'சாப்பிடுறியா?' வேண்டாம்மா. 'சாப்பிடுறியா?' மூஞ்சி செக்கச்செவேல்னு ஆயிட்டு. இடுப்புல கட்டின துணியைக் கையால முறுக்குதா. வாத்தியாருக்குப் பயந்து வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை கணக்கா. அன்னையிலேருந்து நான் கிளம்புற வரைக்கும் நித்தம் இப்படித்தான். மூணு தடவை கேப்பா. மூணு தடவையும் மூஞ்சி செவக்கும். பொறவு நான் உக்காந்துருவேன்."

எழுந்து நின்று நடித்துக் காட்டினான். துணியை முறுக்கினான். கன்னத்தை உப்பினான். கீரை சிதறும்படி சிரித்தார்கள்.

"லீனா இருக்காளே, அவ இன்னும் மோசம். ரெண்டாவது கேக்குறப்பவே எந்திரிச்சு வெளிய போயிருவா. என்னைக் கண்டாலே அவளுக்கு ஆகாது."

பேச்சி மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஊரில் ஹில்டாவின் பக்கத்து வீட்டில் தங்கியவள் அவள். குனிந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

ஆசான் கேட்டார்.

"மூஞ்சி ஏன் செவந்துச்சு?"

"தெரியலை ஐயா. அவங்க தோலு அப்படி."

"கேட்டியா?"

"இல்லை."

"மகளுக்கு உன்னை ஏன் ஆகாது?"

"தெரியலை."

"கேட்டியா?"

"இல்லை ஐயா. ஆனா ஜனங்க நல்லா சிரிப்பாங்க. சிரிச்சா கையைத் தூக்கிருவாங்க."

ஆசான் இரண்டு கொத்து உருவி முடித்தார்.

"நயினாரு, அந்தம்மா உனக்குச் சோறு போட்டாளா?"

"போட்டா ஐயா. வயிறு நெறைய."

"போட்டாளா?"

"போட்டான்னு சொன்னேனே."

"போட்டாளா?"

நயினாரின் கை நின்றது. காது மடல் சூடேறியது.

"என்ன ஐயா, நான் பொய்யா சொல்லுதேன்?"

"கோவம் வருதோ?"

"வராதா? எல்லாரும் இருக்காங்க. ஒரு தடவை சொன்னா நம்பணும்லா?"

"ம்" என்றார் ஆசான். பேச்சி பக்கம் திரும்பினார். "நீ ஏன் சிரிக்கலை?"

பேச்சி காம்பைக் கீழே போட்டாள்.

"ஹில்டா அம்மா ஒருநாள் என்னைப் பஸ் ஸ்டாப்புல பிடிச்சு நிறுத்தினாங்க ஐயா. உங்க ஊருப் பையன் சாப்பிட மாட்டேங்கான், மேலுக்குச் சரியில்லையா, விரதமா, என் சமையல்தான் ஆகலையான்னு கேட்டாங்க. கண்ணெல்லாம் கலங்கிருந்துச்சு. நான் நம்ம வழக்கத்தைச் சொன்னேன். மூணு தடவை கேளுங்க, சாப்பிடுவான்னேன்."

"அவுக என்ன சொன்னாக?"

"கையில இருந்த பையைக் கீழ வச்சாங்க. பொறவு சொன்னாங்க. வேண்டாம்னு சொன்னவங்களை அங்க மறுபடி கேக்க மாட்டாங்களாம். கேட்டா, நீ சொன்னதை நான் நம்பலைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுத மாதிரியாம். பெத்த தாயைக்கூட அவங்க அப்படிக் கேட்டதில்லையாம்."

நயினார் அவளையே பார்த்தான்.

"அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்து என்னை வச்சுப் பழகினாங்க. நான் வேண்டாம்னு சொல்லணும், அவங்க திரும்பக் கேக்கணும். ரெண்டாவதுலயே நின்னுருச்சு. வாய் வரலை. தண்ணி குடிச்சுட்டு மறுபடி கேட்டாங்க. மறுபடி நின்னுச்சு. இருட்டுறதுக்குள்ள ஒருவழியா மூணாவது வந்துச்சு."

"லீனா?" என்றான் நயினார். குரல் இறங்கிவிட்டது.

"அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் தாங்கலை. தன் தாயி ஒருத்தன் முன்னால அப்படி நிக்கிறதைப் பார்க்க முடியாம வெளிய போவா. நீ சாப்பிட்டு எந்திரிக்கிற வரைக்கும் பனியில நிப்பா. நான் எங்க ஜன்னல் வழியாப் பார்ப்பேன்."

"ஏட்டி, இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொல்லாதேன்னாங்க. தெரிஞ்சா கூச்சப்பட்டு மறுபடி பட்டினி கெடப்பான்னாங்க. வாக்கு கொடுத்தேன்."

"இப்ப மட்டும் சொல்லுத?"

"சாயங்காலம் மண்டபத்துல அவங்களை மாதிரி நடிக்கப் போற. அதுக்கு நான் வாக்கு கொடுக்கலை."

அடுப்பில் உலை கொதித்தது.

நயினார் மடியிலிருந்த கீரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்.

"ஐயா, பேச்சி பேசட்டும். நான் வரலை."

"சாப்பிட்டது யாரு?"

"நான்."

"அப்ப நீதான் பேசணும். கீரையை முடிச்சுட்டுப் போ."

மாலையில் மண்டபம் நிறைந்தது. நயினார் மைக்கைப் பிடித்தான். நடிக்கவில்லை. அதே கதையைச் சொன்னான். போர்வைக்குள் முறுக்கு கடித்த இடத்தில் ஜனங்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பஸ் ஸ்டாப்பு வந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. வாய் வராமல் தண்ணீர் குடித்ததைச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த அவன் அம்மா வடிவு தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஹில்டா அம்மா எனக்காக அரிசி வாங்கப் பக்கத்து டவுனுக்குப் போனாங்க" என்றான். "வடிக்கத் தெரியாது. களி மாதிரி கிண்டி மேல சீனி தூவிக் கொடுத்தாங்க. கையால சாப்பிடுதேன்னு தட்டுப் பக்கத்துல ஈரத் துணி வச்சாங்க. என் காலுறையை அடுப்புக்கு மேல காயப்போட்டுச் சூடா எடுத்துக் கொடுப்பாங்க. நான் ஒரு நாளும் நன்றின்னு சொன்னதில்லை. சோறு போடுறவங்ககிட்ட அதைச் சொன்னா வேத்து ஆளாக்குற மாதிரி இருக்கும்னு விட்டுட்டேன். நம்ம வழக்கம் அது. அவங்க வழக்கம் வேற. அவங்க நம்ம வழக்கத்தைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. நான் கேக்கலை."

மைக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனான்.

"இங்கேருந்து சொன்னா கேக்காது. இருந்தாலும் சொல்லிக்கிடுதேன். ஹில்டா அம்மா, உங்களுக்கு நன்றி. வர்ற ஆறு பேர்ல லீனாவும் ஒருத்தி. வீடு வேணும்."

மைக்கை வைத்துவிட்டு இறங்கினான்.

மண்டபத்தில் மின்விசிறி மட்டும் கடகடத்தது. பின்னாலிருந்து உரக்கடை மாசானம் எழுந்தார்.

"அப்ப அவங்க வேண்டாம்னா ஒரே தடவையில நம்பணுமா தம்பி?"

"ஆமா அண்ணாச்சி."

"என் வீட்டுக்காரி இத்தனை வருசத்துல நான் சொன்ன எதையும் ஒரு தடவையில நம்புனதில்லை. அவளுக்கும் ஒரு பழக்கம் ஆகட்டும். ஒரு பையனை எங்க வீட்டுக்கு அனுப்புங்க."

அவர் மனைவி பக்கத்திலிருந்து அவர் வேட்டியை இழுத்து உட்கார வைத்தாள். பிறகு அவளும் கையைத் தூக்கினாள். சிரிப்பு எழுந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகள் உயர்ந்தன.

வடிவு எழுந்து நின்றாள்.

"லீனா எங்க வீட்டுப் பிள்ளை. அதுல பேச்சில்லை."

நயினார் அம்மாவிடம் வந்தான்.

"எம்மா, ஒண்ணு. சாப்பாட்டுக்கு ஒரு தடவைதான் கேக்கணும். அவ வேண்டாம்னா விட்டுரணும்."

"விட்டுரணுமா?"

"தட்டை எடுத்து வச்சிரணும்."

"என்னலே சொல்லுத?" வடிவின் குரல் உயர்ந்தது. "பெத்தவளை விட்டுட்டுக் கடல் தாண்டி வர்ற பிள்ளை. ஒரு தடவை கேட்டுட்டு நான் தட்டை எடுத்து வைக்கவா? நம்ம வீட்டுல எவளும் அப்படிச் செஞ்சதில்லை. ஊரு என்னைக் காறித் துப்பாது?"

"பசிச்சா அவளே சரின்னு சொல்லுவா எம்மா."

"சொல்லாட்டி?"

"சொல்லுவா. வேண்டாம்னா நெசமாவே வேண்டாம்தான். நீ மறுபடி கேட்டா, என் பேச்சை நம்பலையேன்னு அவ மனசு நொந்துரும்."

"இன்னும் ஒரு இட்லி வச்சுக்கோன்னு சொல்லாம என்னால ஒரு பிள்ளைக்கும் சோறு போட முடியாதுலே. என் வாய் நிக்காது."

சுற்றி நின்ற பெண்கள் தலையை ஆட்டினார்கள். அவர்களுக்கும் அது பெரிய பாடாகத்தான் தெரிந்தது. சற்றுமுன் உயர்ந்த கைகளில் ஒன்றிரண்டு இறங்கின.

ஆசான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். வடிவு அவரிடம் போனாள்.

"நீங்களே சொல்லுங்க ஐயா. ஒரு தடவை கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு நிக்கணுமாம். என்னால ஆகுத காரியமா இது? எனக்கு வருமா?"

ஆசான் இன்னொரு செருப்பையும் மாட்டினார்.

"ஹில்டா அம்மாவுக்கும் முதல்ல வரலை தாயி" என்றார்.