பிரேக்குக்கு எண்ணெய்க் குளியல்

கொக்கிமேட்டுக்காரர்களை முட்டாள்கள் என்று சொல்வது அநியாயம். முட்டாள் யோசிக்க மாட்டான். இவர்களோ யோசிக்காமல் ஒரு துரும்பையும் நகர்த்தியதில்லை. கேடு அங்கேதான் தொடங்குகிறது.

மலையடிவாரத்து ஊர் அது. மலை உச்சியிலிருந்து ஊர் மைதானம் வரை பத்தொன்பது கொண்டை ஊசி வளைவுகள். ஆண்டுதோறும் அந்தப் பாதையில் சைக்கிள் பந்தயம் நடக்கும். முதலில் வந்தால் மட்டும் போதாது. மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் போட்ட வட்டத்துக்குள் வந்து நிற்கவும் வேண்டும். சென்ற ஆண்டு தில்லைநாயகி எல்லோருக்கும் முன்னால் வந்தாள். வட்டத்தைக் கடந்தாள், பரிசு மேசையைக் கடந்தாள், ஏரிக்குள் போய்த்தான் நின்றாள். நான்காவதாக வந்த பக்கத்து ஊர்க்காரன் கோப்பையைக் கொண்டுபோனான். அன்றிலிருந்து அவளுக்கு ‘நிக்கத் தெரியாதவ’ என்று பெயர். கீரை விற்க வருகிறவள்கூட, “நிக்கத் தெரியாதவ வீடு இதுதானே?” என்று விசாரித்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெயரை இந்த ஆண்டு ஏரியில் கரைத்தே தீருவது என்று தில்லை சபதம் செய்திருந்தாள்.

அதற்காகவே மலைச் சைக்கிள் ஒன்று வாங்கினார்கள். சக்கரத்தின் நடுவே வட்டமான இரும்புத் தட்டு. பிரேக்கை அமுக்கினால் பேட் என்னும் இரண்டு சின்னக் கட்டைகள் அந்தத் தட்டை இருபுறமும் கவ்வும். கவ்வும்போது கீச்சென்று ஒரு சத்தம்.

“உடம்புச் சூடு,” என்றார் தில்லையின் தாய்மாமன் சடையப்பன். “எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டினா அடங்கிடும்.”

“எந்தக் கிழமை மாமா?” என்றான் அண்ணன் ஏகாம்பரம். அந்தக் குடும்பத்தில் யோசனைக்குப் பொறுப்பு அவன். “ஆம்பளைன்னா சனி. பொம்பளைன்னா வெள்ளி. மொதல்ல இது என்னன்னு முடிவு பண்ணணும்.”

அரை நாள் விவாதம் நடந்தது. கடைசியில் பக்கத்து வீட்டுச் சுலோச்சனா சைக்கிளைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “நடுவுல கம்பி இருக்கு. அப்ப ஆம்பளைதான்,” என்றாள்.

சனிக்கிழமை காலையில் நல்லெண்ணெயைக் காய்ச்சி, மிளகு போட்டு, தட்டிலும் பேடிலும் சூடு பறக்கத் தேய்த்தார்கள். கீச்சுச் சத்தம் அடங்கியது. பிரேக்கும் அடங்கியது. ஞாயிறன்று சோதனை பார்க்கச் சரிவில் இறங்கிய தில்லை, சுலோச்சனாவின் வேலியைப் பிளந்து, கொல்லையைக் கடந்து, கொடியில் காய்ந்த மூன்று புடவைகளோடு மறுபக்கம் வெளிப்பட்டாள். வைக்கோல் போர் இல்லாதிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

பந்தயத்துக்கு ஒரு வாரம். தில்லை நகரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் டெய்சிராணிக்குப் போன் செய்தாள்.

“எண்ணெயா? பிரேக்குக்கா?” என்றாள் டெய்சிராணி. “சரி, கேளு. பேட் எண்ணெயைக் குடிச்சிருச்சு. கழட்டி, பளபளப்பு போற வரைக்கும் உப்புத்தாள் வெச்சுத் தேய்ங்க. தோசைக்கல்லைக் காயவெச்சு அதுல போட்டு வாட்டுங்க. குடிச்ச எண்ணெய் எரிஞ்சு போகும். தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைங்க. முக்கியமா ஒண்ணு: பேட் மேல கை படவே கூடாது.”

“இடுக்கியால கழட்டலாமா?” என்றாள் சுலோச்சனா.

“இடுக்கியைப் பிடிக்கிறது எது?” என்றான் ஏகாம்பரம்.

“கை.”

“பேடைப் பிடிக்கிறது?”

“இடுக்கி.”

“அப்ப கை பட்டாச்சு இல்லையா?”

அவன் படிப்புக்கு எல்லோரும் தலை வணங்கினார்கள். சடையப்பன் மல்லாந்து படுத்து, கால் விரல்களாலேயே பேட்களைக் கழற்றினார். இரண்டரை மணி நேரம் ஆயிற்று. பிறகு கால் விரலில் இடுக்கியபடியே அவற்றை உப்புத்தாளில் தேய்த்தார்.

பேட்களின் பளபளப்பு போனது. ஆனால் சைக்கிளின் மணி பளபளத்தது. கைப்பிடியும் பளபளத்தது. சொன்ன சொல் சொல்தானே? மாலைக்குள் சைக்கிள் இருபது வருடம் ஆற்று மணலில் புதைந்து கிடந்ததுபோல் ஆகிவிட்டது. அதன்பின் ஏகாம்பரம் உப்புத்தாளோடு நிமிர்ந்து மாமாவின் வழுக்கைத் தலையை உற்றுப் பார்த்தான். மாமா அவசரமாகத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார்.

தட்டை ஸ்பிரிட்டால் துடைக்கும் வேலை தில்லையுடையது. பஞ்சில் நனைத்துத் துடைத்தாள். “பயப்படாதே, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்,” என்று அதனிடம் சொல்லவும் செய்தாள்.

வாட்டும் பொறுப்பு சுலோச்சனாவுக்கு. கல் காய்ந்ததும் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல் முழுவதும் தேய்த்தாள்.

“எண்ணெய் வேணாமே அக்கா,” என்றாள் தில்லை, கொஞ்சம் சந்தேகத்தோடு.

“எண்ணெய் கல்லுக்குடி. பேடுக்கா தடவினேன்? தடவாமப் போட்டா ஒட்டிக்கும், பிய்ஞ்சு வரும். அப்புறம் ஊர் என்னைத்தான் பேசும்.”

பேட்கள் அருமையாகச் சுர்ரென்றன. சுலோச்சனா ஓரங்களில் ஒரு கரண்டி விட்டு, திருப்பியும் போட்டாள்.

தில்லை போனில் டெய்சிராணியிடம் பெருமையோடு சொன்னாள்: “நல்லா முறுகலா வந்துடுச்சு அக்கா!”

நடந்ததைக் கேட்டு முடித்தபின் டெய்சிராணி பேசிய முதல் சில சொற்களை அச்சில் ஏற்ற முடியாது. பின் சொன்னாள்: “அதைக் குப்பையில போடு. தட்டை மறுபடி துடைச்சு வை. ஞாயித்துக்கிழமை முதல் பஸ்ல புது பேட் வரும். தேய்க்காதே, வறுக்காதே, கை படாம மாட்டு. புது பேட் உடனே பிடிக்காது, பழக்கணும். இறக்கத்துல வேகமா வந்து, பிரேக்கை அமுக்கி வேகத்தைக் குறை. முழுசா நின்னுடாதே. இப்படி இருபது தடவை. இருபது முடியற வரைக்கும் எங்கேயும் முழுசா நிக்கக் கூடாது. புரிஞ்சுதா?”

புரிந்தது. அதுதான் வினை.

ஞாயிறு காலை பேட்கள் வந்தன. சடையப்பனின் கால் விரல்கள் அவற்றை மாட்டி முடித்தபோது, பந்தயத்துக்கு உச்சிக்கு வரச் சொல்லிக் கொம்பு ஊதிவிட்டார்கள். பழக்க நேரமில்லை.

“எதுக்குத் தனியா பழக்கணும்?” என்றான் ஏகாம்பரம். “வழியில பத்தொன்பது வளைவு. வளைவுக்கு ஒண்ணுன்னு அமுக்கு.”

தில்லை பறந்தாள். ஒவ்வொரு வளைவிலும் அமுக்கி, உரக்க எண்ணிக்கொண்டே வந்தாள். ஏழாவது வளைவில் பிரேக் கவ்வத் தொடங்கியது. பன்னிரண்டில் சொன்ன பேச்சைக் கேட்டது. பத்தொன்பதில் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் வேகம் இறங்கியது. பின்னால் ஒருவரையும் காணோம். எதிரே மைதானம், வெள்ளை வட்டம், வட்டத்தருகே கோப்பை. ஓராண்டு அவமானம் முடிய இன்னும் இருபது அடிதான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: எண்ணிக்கை பத்தொன்பது.

வட்டத்துக்குள் வந்தாள். பிரேக்கை அமுக்கினாள். சைக்கிள் ஆமையைப்போல் ஊர்ந்தது. “நில்லுடி! நில்லு!” என்று ஊரே கத்தியது. ஏகாம்பரம் மட்டும் கூட்டத்திலிருந்து பாய்ந்துவந்து, “நிக்காதே தில்லை! இது இருபதாவது!” என்று அலறினான். கண்ணில் நீர் முட்ட, பல்லைக் கடித்துக்கொண்டு, வட்டத்தின் மறுபக்கம் வெளியேறினாள். வெளியேறிய கணமே இருபது முடிந்தது. நின்றாள், அசைவில்லாமல், கோட்டுக்கு ஒரு முழம் தள்ளி.

கோப்பை மறுபடியும் பக்கத்து ஊருக்குப் போயிற்று.

தில்லை அழவில்லை. சைக்கிளைத் திருப்பி, பத்தொன்பது வளைவும் ஏறி, உச்சியைத் தொட்டு, மறுபடி இறங்கினாள். பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். காலால் பாதி அழிந்திருந்த வட்டத்தின் நட்டநடுவில், ஆணி அடித்ததுபோல் வந்து நின்றாள். நடுவர்கள் மூங்கிலைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார்கள். “இப்படி ஒருத்தி நின்னு நான் பார்த்ததில்லை,” என்று தலைமை நடுவர் மேடைக்கடியில் தேடி, மிஞ்சியிருந்த ஆறுதல் பரிசை எடுத்துக் கொடுத்தார். ஐந்து லிட்டர் நல்லெண்ணெய் டின்.

நால்வரும் டின்னைச் சுற்றி அமர்ந்தார்கள்.

“நின்னது நான் இல்ல, பிரேக்கு,” என்றாள் தில்லை. “பரிசு அதுக்குத்தான் சேரணும்.”

“போன தடவை எண்ணெய் ஒத்துக்கலையே?” என்றாள் சுலோச்சனா.

ஏகாம்பரம் நெடுநேரம் யோசித்தான். “தப்பு எண்ணெய்ல இல்ல, கிழமையில. ஊரே நில்லுன்னு கத்தியும் அண்ணன்காரன் சொன்னதை மட்டும் கேட்டுச்சு பாரு. இது பொம்பளைதான். நாமதான் சனிக்கிழமை தேய்ச்சுட்டோம்.”

ஆகவே வெள்ளிக்கிழமை வரை பொறுமையாகக் காத்திருந்தார்கள். டெய்சிராணியின் பேச்சை மீறுகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. வெள்ளியன்று காலையில், கை படாமல், காலாலேயே தேய்த்தார்கள்.