தெய்வாத்தாளின் இரண்டு குரல்கள்

கோயம்புத்தூரில் நஞ்சப்பன் என்று ஒருவர் இருந்தார். நூல் மில்லில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். மில் இரைச்சல் அவருடைய காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. அறுபது வயதில் மிச்சம் இருந்ததும் போயிற்று. அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம், மனைவி தெய்வாத்தாள் நோட்டில் எழுதிக் காட்டுவதுதான் பேச்சு.

அந்த வருஷங்களில் அவர் தலைக்குள் நினைவு தனியாகக் குடியிருந்தது. தெய்வாத்தாளின் குரலை அது பத்திரமாக வைத்திருந்தது. கல்யாணமான புதிதில், சாப்பாட்டுத் தூக்கோடு மில் கேட்டில் நின்று, ஷிப்ட் முடிந்து வரும் கூட்டத்தைத் தாண்டி, "ஏனுங்க, இங்கே இருக்கறனுங்க!" என்று கூப்பிட்ட குரல். நினைவு அதைத் தினமும் எடுத்துக் கேட்கும். கூடவே நஞ்சப்பனும் கேட்பார்.

எழுபத்திரண்டாம் வயதில் ஆபரேஷன் செய்து, சத்தத்தை நேராகச் செவிநரம்புக்குக் கொண்டுபோகும் காக்ளியர் கருவி வைத்தார்கள். சில வாரம் கழித்து அதை இயக்கிவிட்ட அன்று, தெய்வாத்தாள் எதிரில் உட்கார்ந்து ஏதோ சொன்னாள். தகரத்தை ஆணியால் கீறுவதுபோல் ஒரு சத்தம் வந்தது.

"யாரது?" என்றது நினைவு.

"தெய்வாத்தாம்மா பேசறாங்கக்கா" என்றது கருவி.

"பொய் சொல்லாதே. அவ குரலு எங்கிட்ட இருக்குது. எனக்குத் தெரியாதா?"

நஞ்சப்பன் வீட்டுக்கு வந்ததும் காதுக்குப் பின்னாலிருந்த பாகத்தைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிட்டார். தெய்வாத்தாள் பார்த்தாள். அன்று முழுக்க நோட்டில் எதுவும் எழுதவில்லை.

பயிற்சி கொடுக்கும் பர்வீன் அடுத்த வாரம் தாளில் எழுதிக் காட்டினாள்: "காதுக்குச் சத்தம் போகுதுங்க ஐயா. மூளைதான் பழகணும். தினமும் அரை மணி நேரம் கேளுங்க. அம்மா வாயைப் பார்க்காம கேக்கணும்."

அப்படியே காலையில் தெய்வாத்தாள் டிராயரில் கிடந்ததை எடுத்து அவர் காதில் மாட்டிவிட்டு, நியூஸ்பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு பர்வீன் கொடுத்த சொற்பட்டியலை வாசிப்பாள். அவள் "பல்" என்பாள். அவர் "பால்" என்பார். அவள் "கல்" என்பாள். அவர் "எனக்கு இந்தப் பயிற்சியே வேண்டாம்" என்று எழுந்து போவார். மறுநாளும் பேப்பரோடு வந்து உட்காருவாள்.

கருவி கெஞ்சியது. "அக்கா, நான் கொண்டாறது வெறும் சத்தம். அது என்னன்னு நீங்க சொன்னாத்தானே அவருக்குப் புரியும்?"

"இந்தத் தகரச் சத்தத்தை அவ குரலுன்னு ஒத்துக்கிட்டா, நான் இத்தனை வருஷம் வெச்சிருக்கறது என்னாகும்?"



இரண்டு மாதத்தில் நினைவு சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கத் தொடங்கியது; குரலை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் வாசித்துக்கொண்டே வந்தவள், பேப்பருக்குப் பின்னாலிருந்து பட்டியலில் இல்லாத எதையோ சொன்னாள்.

"தொண்டை கட்டிக்கிச்சுன்னா சுக்குக் காப்பி வெச்சுக் குடி புள்ள" என்றார் நஞ்சப்பன்.

பேப்பர் கீழே விழுந்தது. "கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சு. இன்னும் பேசு."

அவள் பேசினாள். அடுத்த தெருக் கல்யாணம், முருங்கை மரம் சாய்ந்தது, வாயில் வந்ததையெல்லாம் பேசினாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். கேட்கக் கேட்க நெற்றி சுருங்கியது.

"ஏம்புள்ள, உன் குரலு ஏன் இப்படி நடுங்குது?"

"அது ஏழெட்டு வருஷமாவே இப்படித்தானுங்க. வயசாகுதில்லீங்களா? உங்களுக்குத்தான் கேக்காதேன்னு நானும் எழுதிக் காட்டலீங்க."

 நினைவு, தான் வைத்திருந்த பழைய குரலைச் சற்றே நகர்த்தி, பக்கத்தில் இந்த நடுங்கும் குரலுக்கு இடம் பண்ணிக் கூப்பிட்டது:

"உள்ளே வா தெய்வாத்தா. உனக்கு வயசாகறப்போ நான் உன்கூட இல்லாமப் போயிட்டேன்."