கேப்டனின் நாற்காலி

"நான் என்ன தப்பு செஞ்சேன் சார்?"

கேட்டவன் பால்துரை. கல்லூரிக் கூடைப்பந்து அணியின் கேப்டன்.

என்ன தப்பு செய்தோம் என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். ஐந்து மாதமாகத் தெரியும். பயிற்சியாளர் தாசையா மாஸ்டருக்குத் தெரியுமா என்பதுதான் தெரியவில்லை.

மாஸ்டர் பந்தை அமுக்கிக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குக் கடைசி லீக் ஆட்டம். மேடை நிழலில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ ஒரு வங்கி அணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள். பால்துரைக்கு இது கடைசி வருஷம். அவர்கள் கண்ணில் பட்டால் வேலை, படாவிட்டால் அப்பாவோடு உப்பளத்துக்குப் போகவேண்டியதுதான். இன்றைக்கு விட்டால் இன்னொரு நாள் கிடையாது.

ஆனால் அவனுடைய இடம் ஆடுகளத்தில் இல்லை. கோட்டுக்கு வெளியே கிடந்த ஓர் இரும்பு நாற்காலியில்.

சீசன் ஆரம்பித்தபோது இந்த அணியை ஒருவரும் அசைக்க முடியவில்லை. வரிசையாக ஐந்து வெற்றி. வளையத்துக்கடியில் ஜெபசிங் நின்றால் எதிரணிக்காரனுக்கு வானமே தெரியாது, அவ்வளவு உயரம்.

மாஸ்டர் ஒரு விதி வைத்திருந்தார். ஆடுகிறவனுக்கு மூச்சு முட்டினால் கையை மடக்கி உயர்த்த வேண்டும். அவர் ஒன்றும் கேட்காமல் அவனை வெளியே எடுத்துவிட்டு வேறு ஆளை இறக்குவார்.

பையன்களும் தங்களுக்குள் ஒரு விதி வைத்திருந்தார்கள். கை உயர்த்தினவனுக்கு ஒரு வாரம் மெஸ்ஸில் 'பாட்டி' என்று பெயர்.

மாஸ்டர் விதி ஏட்டில் இருந்தது. பையன்கள் விதிதான் நடந்தது.

ஆறாவது ஆட்டம் மத்தியானம் மூன்று மணிக்கு. சிமெண்ட் தரையின் சூடு ஷூவைத் தாண்டி ஏறியது. மூன்று புள்ளி முன்னிலை, நான்கு நிமிடம் பாக்கி. அப்போது ஜெபசிங் கையை மடக்கினான். வெட்கப்பட்டுக்கொண்டு நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்கவில்லை.

பால்துரை பார்த்தான். பக்கத்தில் போய் அந்தக் கையைக் கீழே அமுக்கினான்.

"நாலு நிமிசம்லே. செத்தா போயிருவே?"

இரண்டாவது நிமிடம் ஜெபசிங் விழுந்தான். எழுந்திருக்கவில்லை.

பிறவியிலேயே இதயத்தில் கோளாறு, யார் மேலும் குற்றமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். இரங்கல் கூட்டத்தில் பால்துரை பேசினான், பேச முடியாமல் அழுதான். அழுகை பொய் இல்லை. பேச்சில்தான் ஒன்றை விட்டுவிட்டான்.

அடுத்த ஆட்டத்தன்று மாஸ்டர் அந்த நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். இதில் உட்கார், பந்தைப் பார்க்காதே, கைகளைப் பார், எவன் கையாவது உயர்ந்தால் என் சட்டையை இழு என்றார். வேறு விளக்கம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அதுதான் அவன் வேலை. சட்டையை இழுப்பான், மாஸ்டர் உடனே டைம் அவுட் கேட்பார். ஆட்டம் ஒரு நிமிடம் நிற்கும், கை உயர்த்தினவன் வெளியே வருவான். பாதி ஆட்டத்துக்கு இத்தனைதான் என்று அதற்கு ஒரு கணக்கு உண்டு. புத்தியுள்ள எந்தப் பயிற்சியாளரும் கடைசி நிமிடத்துக்கு ஒன்றை மிச்சம் பிடிப்பார். முன்பெல்லாம் மாஸ்டரும் அந்த விஷயத்தில் கஞ்ச மகாபிரபுதான். இப்போது தண்ணீராகச் செலவழித்துவிட்டு, கடைசி நிமிடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

டைம் அவுட்டும் இல்லை, கேப்டனும் இல்லை. எட்டு ஆட்டத்தில் ஏழு தோல்வி.

மாஸ்டருக்கு மறை கழன்றுவிட்டது என்று ஹாஸ்டலில் பேசிக்கொண்டார்கள். முதல்வர் கூப்பிட்டு விசாரித்தார். அங்கேயும் மாஸ்டர் வாய் திறக்கவில்லையாம். ஒன்று மட்டும் மாறியிருந்தது. பையன்கள் இப்போது கையைத் தலைக்கு மேலே உயர்த்தினார்கள். பாட்டி என்று யாரும் சொல்வதில்லை.

பால்துரை உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தான். இது தண்டனைதான், அவருக்குத் தெரிந்துவிட்டது, வாயால் கேட்காமல் உட்காரவைத்தே கொல்கிறார் என்று நினைத்தான். கேட்டுத் தொலைத்தாலாவது கொஞ்சம் தூங்கலாம்.

அதனால்தான் இன்றைக்கு அவனே போய்க் கேட்டான்.

மாஸ்டர் அடுத்த பந்தை எடுத்து அமுக்கினார்.

"இன்னைக்கு நீ ஆடு" என்றார்.

பால்துரை மறு பேச்சுக்கு இடம் கொடுக்காமல் மேல்சட்டையைக் கழற்ற ஆரம்பித்தான்.

"நாற்காலியில யாரு உக்காருவா?"

"எதுக்கு சார் ஆளு? நீங்கதான் இருக்கீங்களே. உங்க கண்ணுக்குத் தப்பி என்ன நடந்துரும்?"

மாஸ்டர் பந்தைக் கீழே வைத்தார். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அன்னைக்கும் நான்தான் இருந்தேன்."

பால்துரையின் கை சட்டையோடு நின்றது.

"அவன் கைய நீ அமுக்குனதப் பாத்தேன். அதுக்குப் பொறவு அவன் என்னையப் பாத்தான். அதையும் பாத்தேன்."

"சார்..."

"எங்கிட்ட ஒரு டைம் அவுட் மிச்சம் இருந்துச்சு. கடைசி நிமிசத்துக்கு வேணும்னு வச்சிருந்தேன்."

நடுவர் விசில் ஊதினார். மேடை நிழலில் இருந்த இருவரும் நோட்டைத் திறந்தார்கள்.

பால்துரை கழற்றின சட்டையை மறுபடியும் மாட்டினான். நாற்காலியைக் கோட்டுக்குப் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஆட்டம் தொடங்கும் முன்பே மாஸ்டரின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டான்.