மந்திரி கொடுத்த கள்

யொரூபா நாட்டில் அகின்தே என்றொரு நாடக ஆசான் இருந்தார். தாமே நாடகம் இயற்றி, தாமே நடித்து, குழுவை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றவர். முப்பது ஆண்டுகளாக அவருக்கு ஒரே வேடம்: நல்லரசன். அவருடைய மாணவன் லாதிப்போவுக்கும் ஒரே வேடம்தான்: கள்ளில் நஞ்சு கலந்து அந்த அரசனைக் கொல்லும் மந்திரி.

குழு லாதிப்போவின் சொந்த ஊருக்கு வந்திருந்தது. நண்பகலில், லாரி நிழலில் படுத்திருந்த ஆசான்முன் அவன் ஒரு சுரைக்குடுவையைக் கொண்டுவந்து வைத்தான். நாற்பத்தெட்டு வயதுக்காரன், கண் கலங்கியிருந்தது.

“பாபா, காலையில் என் மகளைப் பெண் கேட்டு வந்தார்கள். நான் ஊற்றிக் கொடுத்த கள்ளை ஒருவரும் தொடவில்லை.”

“ஏன்?”

“‘மந்திரி கையால் யாரப்பா குடிப்பது?’ என்று மாப்பிள்ளையின் பெரியப்பா சிரித்தார். பிறகு சிரிக்காமலே எழுந்து போய்விட்டார். மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.”

ஆசான் கண்களை மூடிக்கொண்டார். “நான் என்ன செய்யவேண்டும்?”

“மாலை ஆட்டத்துக்கு அவர்களும் வருகிறார்கள். ஒரே ஒருமுறை அரசன் வேடத்தை எனக்குக் கொடுங்கள். இல்லையென்றால் இன்றோடு நாடகத்தை விடுகிறேன்.”

“எடுத்துக்கொள். எனக்கும் அந்த மணிமுடி கனக்கிறது.”

மாலையில் பள்ளி மைதானம் நிரம்பியது. லாதிப்போ மணிமுடியுடன் தோன்றினான்.

“அடேய், முடியை எங்கே திருடினாய்?” என்று ஒரு பெண் கூவினாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அகின்தே மந்திரியாக வந்து, எல்லாரும் காணும்படி நஞ்சு கலந்து கிண்ணத்தை நீட்டினார். லாதிப்போ குடித்துச் சரிந்தான்.

“ஒழிந்தான்!” என்று கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

ஆட்டம் முடிந்ததும் பெரியப்பா மேடைக்குப் பின்னே வந்து, ஆசான்முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ஆசான் மந்திரியின் உடையைக் களையவில்லை. மேடையில் நஞ்சு கலந்த அதே கிண்ணத்தில், லாதிப்போவின் குடுவையிலிருந்து ஊற்றி நீட்டினார். பெரியப்பா இரு கைகளாலும் வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

“எப்படி இருக்கிறது?”

“சற்றுப் புளிப்பேறிவிட்டது, பாபா. ஆனாலும் நல்ல கள்.”

“காலையில் நீங்கள் தொடாத கள்தான்.”

பெரியப்பா கிண்ணத்தைப் பார்த்தார்; லாதிப்போவைப் பார்த்தார்; தலையைச் சொறிந்தார். “நாளை மறுபடியும் வருகிறோம்” என்று முணுமுணுத்துவிட்டு நடையைக் கட்டினார்.

லாதிப்போவின் முகம் மலர்ந்தது, உடனே வாடியது.

“நஞ்சு கலப்பதைக் கண்ணால் கண்டவர், உங்கள் கையால் குடிக்கிறார். என் கையை மட்டும் ஏன் பாபா சந்தேகிக்கிறார்கள்?”

அகின்தே லாரியின் படியில் மெல்ல அமர்ந்தார்.

“உன் கையில் இருப்பதை ஊரே பார்த்துக்கொள்கிறது, லாதிப்போ. என் கையை யாரும் சந்தேகிப்பதில்லை; அதில் இருப்பதை முப்பது ஆண்டுகளாக நான் ஒருவனே பார்த்துக்கொண்டிருக்கிறேன். களைத்துவிட்டேன்.”