கோரைக்குத் தலைப்பாகை கட்டின ராசா

ஏ, இடிச்சுக்காம ஒக்காருங்க. யாராச்சும் ஒருத்தர் "உம்" கொட்டணும், இல்லைன்னா எந்திரிச்சுப் போயிருவேன். ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தாரு. பச்சைப்பசேல்னு எதைப் பாத்தாலும் அவருக்குப் புத்தி கெட்டுப்போகும். அதே ஊர்ல வீராயின்னு ஒருத்தி இருந்தா. அவளுக்கு ஒரே ஒரு துண்டுச் சோளப் புஞ்சை. அது வெளஞ்சாத்தான் அவ மூணு புள்ளைகளுக்கும் வருசம் பூராக் கஞ்சி, வெளையலைன்னா பட்டினிதான்.

அந்த வருசம் அடிச்சுது பாருங்க வெயிலு! கெணத்துத் தவளையெல்லாம் மேல ஏறி வந்து ஒக்காந்து விசிறிக்கிட்டு இருந்துச்சாம். சிரிக்காதே, நெசந்தான். சோளம் இலை சுருண்டு வாடுது, ஊடால மொளைச்ச கோரைக் களை மட்டும் இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கிட்டு ஜம்முனு நிக்குது. வீராயி களைக்கொத்தோட எறங்குனா. அப்பப் பாத்துப் பல்லக்குல வந்தாரு ராசா, கூடவே மந்திரி மண்டையப்பன்.

"நிறுத்துடி! இந்த வெயில்லயும் ராசாவுக்கு முன்னால நிமிந்து நிக்கிற வீரனையா வெட்டுற?"ன்னு கத்துனான் மந்திரி.

"சாமி, அது களைங்க. அது தண்ணியக் குடிக்கிறதாலதான் என் சோளம் சாகுது."

"தொட்டே, தலை போயிரும்!"

அப்புறம் மொத நாளு ராசா கோரைக்குத் தலைப்பாகை கட்டிவிட்டாரு. ரெண்டாம் நாளு கோரைக்குக் கொடை புடிக்க நாப்பது சிப்பாயி. மூணாம் நாளு கோரைக்குக் கச்சேரி, தவில்காரன் வெயில் தாங்காம தவிலுக்குள்ளயே பூந்துக்கிட்டான். வீராயி வயித்துல அடிச்சுக்கிட்டு அழுதா, பாவம்.

நாலாம் நாளு கண்ணத் தொடச்சுக்கிட்டு நேரா அரமனைக்குப் போனா. "ராசா, இம்புட்டுப் பெரிய வீரனை ஏழை புஞ்சையில நிறுத்தலாமா? அரமனை வயல்ல குடி வைங்க. கிழங்கோட, வேரோட, ஒண்ணு விடாம நானே தோண்டித் தாரேன்"னா.

ராசாவுக்குக் கண்ணே கலங்கிருச்சு. நாப்பது சிப்பாயையும் கூட அனுப்புனாரு. அவனுக புஞ்சையச் சுத்தமாக் களையெடுத்து, கோரையை மேளதாளத்தோட தூக்கிட்டுப் போனானுக. மந்திரி அரமனை நெல்லைப் புடுங்கி எறிஞ்சிட்டுக் கோரையை நட்டான். எங்க, உம் கொட்டு!

களை போனதும் மிச்ச ஈரம் சோளத்துக்குக் கெடைச்சுது. பூக்குற நேரம் அனல் அடிச்சதுல பாதிக் கதிரு மணியில்லாத வெறும் சாவியாப் போச்சு, மீதிப் பாதி மணி புடிச்சுது. புள்ளைக கஞ்சிக்கு அது போதும்.

அரமனையில அறுப்பு முடிஞ்சு ராசா சாப்பிட ஒக்காந்தாரு. தங்கத் தட்டுல ஒரு கட்டுப் புல்லு!

"சோறு எங்கடா?"

"இதுதான் ராசா, வீரப் பயிரு."

"அப்ப நீயே தின்னு."

மந்திரி மூணு நாளு மென்னான். அப்புறம் அவன் கையில களைக்கொத்தைக் குடுத்து வயல்ல எறக்கிவிட்டாக. கோரை லேசுல போகுமா? ஒண்ணைப் புடுங்குனா ஒம்பது மொளைக்குது, இன்னும் புடுங்கிக்கிட்டே இருக்கானாம்.

ராசாவா? அவரு சட்டியத் தூக்கிக்கிட்டு வீராயி வாசல்ல கஞ்சிக்கு நின்னாரு. அவ ஊத்துனா, ஆனா மூணு புள்ளைகளும் வயிறு முட்டக் குடிச்ச பொறகுதான் ஊத்துனா.

அம்புட்டுதான் கதை. கேட்டவுக காதைத் தொடைங்க, சொன்னவளுக்கு நாக்கு வறண்டுபோச்சு, தண்ணி கொண்டாங்க.