கரை கேட்ட உயிர்

மூன்று நாள் மழையில் கண்மாய்க் கரை விரிசல் விட்டது. ஜமீன்தார் வழக்கம்போல் குறிசொல்லும் வைரவநாதரைக் கேட்டார்.

"கரை உயிர் கேட்கிறது. மண் சுமக்கிற ஒச்சம்மாவை விரிசலில் வைத்து மூடுங்கள்."

உடனே கயிறு வந்துவிட்டது. ஏன் என்று கேட்க அத்தனை பெரிய ஊரில் ஒருத்தருக்கும் வாய் இல்லை. ஒச்சம்மாதான் கேட்டாள்.

"சாமி, போன வருஷம் கரை யாரைக் கேட்டுச்சு?"

"மாயாண்டியை. கொடுத்தோமே!"

"அப்புறம் ஏன் மறுபடி விரிஞ்சுது?"

வைரவநாதர் கட்டை இறுக்கச் சொல்லிக் கை காட்டினார். "அவன் சுத்தமில்லாதவன். சுத்தமான உயிர்தான் கரையைக் காக்கும்."

"நான் கள்ளு குடிக்கிறவ சாமி, வாயைத் திறந்தா பொய். என்னை வச்சா கரை நிக்குமா? நம்ம ஊர்லயே ரொம்பச் சுத்தமானவங்க யாரு?"

அதற்கான பதிலை இருபது வருஷமாக வைரவநாதரே தினமும் சொல்லி வந்திருக்கிறார். ஜமீன்தார் மெல்ல அவர் பக்கம் திரும்பினார். கயிறு பிடித்தவர்களும் திரும்பினார்கள்.

"இருங்க, இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கிறேன்!" வைரவநாதர் சேற்றில் விழுந்து கரைமேல் காதை வைத்தார். "மண்... மண்ணே போதுமாம்!"

ஒச்சம்மாவின் கட்டை அவிழ்த்தார்கள். அப்போது கூட்டத்திலிருந்து மாயாண்டியின் பெண்டாட்டி முதன்முறையாக வாய் திறந்தாள்.

"போன வருஷம் ஏன் சாமி இன்னொரு தடவை கேக்கலை?"