முழு நீள விரிசல்

"எல்லாரும் ஒரே மாதிரிதானே சொல்றோம், மேடம்? அப்புறம் எனக்கு மட்டும் ஏன் சோறு இறங்க மாட்டேங்குது?"

கேட்டவர் மாசிலாமணி. ஸ்டோர்ஸிலிருந்து மாற்றலாகி, தலை நரைத்த பிறகு இரும்புக் குழாய் பரிசோதிக்கக் கற்க வந்த மனுஷன். கற்றுக்கொடுப்பவள் ஜெசிந்தா. அவருக்கு மகள் வயசு.

இவர்கள் செக்‌ஷன் பாஸ் பண்ணி அனுப்பிய குழாய் ஒன்று பாய்லரில் வெடித்தது. துரைக்கண்ணு என்ற தொழிலாளி வெந்தே செத்துப்போனார். பாவம், வேலைக்குப் போனதைத் தவிர அந்த ஆள் ஒரு தப்பும் பண்ணவில்லை.

பக்கத்து அறையில் விசாரணை. அவசர லோடு என்று மெஷின் சோதனையோடு நிறுத்தி, தண்ணீர் அழுத்தச் சோதனையை விட்டுவிட்டார்கள். இப்போது, "ரெண்டு சோதனையும் பண்ணினோம்" என்று செக்‌ஷனே கூசாமல் சாதிக்கிறது. அடுத்து மாசிலாமணியின் முறை.

 ஜெசிந்தா, வெடித்த குழாயோடு ஒரே லாட்டில் வந்து மிஞ்சிய குழாய் ஒன்றை எடுத்தாள். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரிசல். கண்ணுக்கே தெரிந்தது.

அதை மெஷினின் மின்காந்தச் சுருளுக்குள் ஓடவிட்டாள்.

மெஷின் கம்மென்று இருந்தது.

"இதென்ன கூத்து! ரிப்பேரா?"

"இல்லண்ணே. உள்ளே ரெண்டு சுருள். ஒரு இடத்தைப் பக்கத்து இடத்தோட ஒப்பிட்டுப் பார்க்கும். வித்தியாசம் இருந்தாத்தான் கத்தும்."

"முழுக்க விரிசல்னா?"

"எதோட ஒப்பிடும்?"

மாசிலாமணி விசாரணை அறைக் கதவைப் பார்த்தார்.

"நீங்க உள்ளே போய் என்ன சொன்னீங்க?"

அவள் சுவரைப் பார்த்தாள். "எல்லாரும் சொன்னதைத்தான்."

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாக்கு நுனிவரை வந்த வார்த்தையை விழுங்கினார். திட்ட இவருக்கு மட்டும் என்ன யோக்கியதை? அந்தச் சோதனையை விட்டபோது இவரும் பக்கத்தில்தானே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இந்தக் குழாய்ல ஒரே ஒரு சாண் மட்டும் விரிசல் இல்லாம இருந்தா?"

"அங்க வந்ததும் அலறும். கோளாறுன்னு சிவப்புப் பெயிண்ட் தானா அடிக்கும்."

"எது மேல? நல்ல இடத்து மேலயா?"

"அது மேலதான்."

உள்ளிருந்து அவர் பேரைக் கூப்பிட்டார்கள்.

மாசிலாமணி எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அடிக்கட்டும்" என்றார்.